மந்தாரையடி மண்

எங்கள் கிணறு வீட்டின் முன்புறத்தில் இருந்தது. அதற்கு நேரெதிரே, ஒழுங்கைத் தெருவின் மறுகரையில், ஆமிக்காரரின் காவலரண். வேலியை இடுப்பளவுக்கு மேல் உயர்த்தக் கூடாதென்று உத்தரவு. மறைப்பென்று நின்றது வேலியோரத்து மந்தாரை மட்டுந்தான். அழகுக்காக நட்ட மரம், அதன் தயவில்தான் நாங்கள் குளித்தோம்.

அந்த மாரி மழைக்குள்ளேயே மரம் மஞ்சளிக்கத் தொடங்கியது. தை பிறந்தபோது பாதிக் கிளைகளில் இலையே இல்லை. எங்களோடு இருந்த தங்கை ஒருநாள் ஈரத் துவாயோடு உள்ளே ஓடி வந்தாள்.

“அக்கா, இனி எனக்குக் கிணத்தடியில குளிக்க ஏலாது. அங்கயிருந்து எல்லாம் தெரியுது.”

நான் இலேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. முதலில் பக்கத்து வீட்டு மனிசரில் சந்தேகம். சருகு தன் முற்றத்தில் கொட்டுகிறதென்று முணுமுணுத்தவர். ஆனால் விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் மரத்தைச் சாகடிக்க ஊற்ற அவர் எங்கே போவார்? அவரை விட்டுவிட்டேன்.

மிஞ்சியது ஒரு சிப்பாய். காவலரணில் இருந்த புத்தர் படத்துக்கு விடியலில் வேலிக்கு மேலால் பூப் பறிக்கிறவன். மரம் வாடிய பிறகு, போத்தலிலிருந்து எதையோ அடியில் ஊற்றுவதை இரண்டு தரம் கண்டேன்.

“மரம் பட்டுப்போனால் உள்ளுக்குப் பார்க்கலாம் எண்டுதான் ஊத்துறான்” என்றேன், சீனன்குடாவில் கிளாக்கராக இருந்த என் கணவரிடம்.

“உனக்கு ஆரிலதான் சந்தேகமில்லை? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

அவர் வேலைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். மரத்தடி மண்ணை முகர்ந்தேன். எண்ணெய் மணம் இல்லை. நாக்கில் வைத்தேன், உப்பும் இல்லை. ஒரு முழம் தோண்டியதும் அடிமரம் தெரிந்தது. பட்டை கறுத்து, ஊறி, விரல் பட்டதும் கழன்று வந்தது. மண்ணுக்கு மேலே நகத்தால் சுரண்டினேன், பச்சை. மண் மூடிய உயரம் வரைக்குந்தான் அழுகல்.

அந்த மண்ணைப் போட்டது நான்தான். முந்தின ஆடியில் செல்லடிக்குப் பதுங்க வீட்டுக்குப் பின்னால் பங்கர் வெட்டினோம். புதுமண் குவியலைக் கண்டால் என்ன புதைத்தீர்கள் என்று கேள்வி வரும். அதனால் தாச்சிச் சட்டியில் அள்ளிச் சுமந்து மந்தாரையைச் சுற்றி அணைத்து, மேலே குரோட்டன் நட்டுப் பூப்பாத்தி போலாக்கினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சியும் கொண்டேன்.

நிமிர்ந்தால் வேலியைக் கடந்து வந்து முன்னால் அந்தச் சிப்பாய், கையில் துவக்கு.

“என்ன புதைக்கிறது?”

எந்தக் கேள்விக்குப் பயந்து மரத்தைச் சாகக் கொடுத்தேனோ, அதே கேள்வி. வேலியோரம் கிடந்த ஒரு கம்பியை எடுத்துக் குழிக்குள் குத்திக் குத்திப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் இடுப்புப் போத்தலைக் காட்டினேன்.

“மரத்துக்கு என்ன ஊத்தினீங்கள்?”

அவன் மூடியைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தபடியே இரண்டு மிடறு குடித்து, மூடியைத் திருகினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அழுகிய பட்டையை அவனுக்குக் காட்டினேன். குந்தியிருந்து பார்த்தான், தோண்டு என்று கையால் காட்டினான். மண் முழுவதும் அள்ளி முடியும்வரை அங்கேயே நின்றான், உதவிக்கல்ல, காவலுக்கு. அள்ளிய மண்ணை நானும் தங்கையும் உரப்பைகளில் கட்டிப் பங்கர் கூரைக்கு ஏற்றினோம். அழுகலைச் சுரண்டி அடிமரத்தை வெயில் படத் திறந்து விட்டேன். சித்திரையில் துளிர் வந்தது. ஆனி முடிவதற்குள் மறைப்புத் திரும்பிவிட்டது.

முதல் பூ விரிந்த காலையில் மரத்துக்கு அந்தப் பக்கம் அவன் பூப் பறித்தான், இந்தப் பக்கம் தங்கை குளித்தாள். நான் மட்டும் நடுவில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.