மூன்றாம் தகடு

சிவகரனுக்கு இடுப்பு வலி இரண்டாம் நாளும் விடவில்லை. எல்லாம் அந்த வலியில்தான் தொடங்கியது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் அக்கராயன் பக்கம் அந்த நெல் ஆலையில் போய்க் கேளுங்கள். நடந்தது பட்டப்பகலில்.

முதல்நாள் நெல் அவிக்கும் உலைக்குள் சாம்பல் அள்ளும் முறை அவனுடையது. “போய்ப் படடா. உன்ரை முறையை நான் செய்யிறன், பிறகு திருப்பித் தா,” என்று கூட வேலை செய்யும் ஜெயந்தன் உள்ளே புகுந்தான். மறுநாள் ஜெயந்தன் வவுனியாவுக்குப் போவதாக இருந்தது. தனிக்கட்டை. ஒருவரும் தேடவில்லை.

உலைக்குள் போகிறவன் செருப்பை வாசலில் கழற்றி விடுவான். செருப்புக் கிடந்தால் நெருப்பு வைப்பதில்லை. அங்கே அதுதான் சட்டம்.

மறுநாள் மதியம் 1.20. வாசலில் செருப்பு இல்லை. சிவகரன் உமியைக் கொட்டினான். பந்தத்தைக் கொளுத்தினான். பழக்கத்தில் சுவர்ப் பெட்டியைப் பார்த்தான்.

உலைச் சூட்டை அளக்க, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாரங்கா பொருத்திய பெட்டி அது. உலைச் சுவருக்குள் நகமளவு கல்தகடுகள் இரண்டு. வயர் இல்லை, பற்றரி இல்லை. செந்தணலிலும் கருகாது. பெட்டி ரேடியோ அலையை எறியும். அது தகட்டின்மேல் ஓசையாய் ஓடித் திரும்பும். திரும்புகிற விதத்தில் சூடு தெரியும்.

ஒன்று: 41. இரண்டு: 41.

மூன்று: 37.

மூன்றாவது ஏது?

சாரங்காவுக்குப் போன் எடுத்தான். “தங்கச்சி, மூண்டாவது ஒண்டு காட்டுது.”

“நான் ரெண்டுதானே அண்ணை வைச்சனான். மூண்டாவது பூட்டேக்கை உடைஞ்சு போச்சு. ஜெயந்தன் அண்ணையிட்டை எறியச் சொல்லிக் குடுத்தனான்.”

“உடைஞ்சது கதைக்குமோ?”

“கதைக்காது.”

37... 37...

காய்ச்சல் இல்லாத மனிதனின் சூடு.

பந்தத்திலிருந்து மண்ணெண்ணெய் சொட்டியது. சொட்... சொட்...

“ஜெயந்தன்!”

பெட்டியில் எண் இறங்கியது.

36.

34.

பந்தத்தை வாளித் தண்ணீரில் அமுக்கினான். ஸ்ஸ்ஸ்...

குனிந்து உள்ளே ரோச் லைட் அடித்தான்.

பின்சுவரோரம்... சாம்பலில்...

வெறுங்கால்கள்.

திரும்பிப் பார்த்தான். பெட்டியில் மூன்றாம் எண் இல்லை.

காவலாளி ஏரம்பு தலையில் அடித்துக்கொண்டார். “மறந்து விட்டிட்டுப் போட்டான் எண்டல்லோ நினைச்சன். மழைக்கு நனையுமெண்டு காலமை நான்தானடா செருப்பை எடுத்து வைச்சனான்!”

உள்ளே தேங்கி நின்ற புகைதான் கொன்றது என்றார் டொக்டர். உயிர் போனது முதல்நாள் பின்னேரம், ஆறு மணிக்கு முந்தி. உடல் விறைத்துக் கிடந்தது.

உடைந்த தகடு சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சுக்கு நேரே. சாரங்கா அதைப் பெட்டிக்கு முன்னால் எத்தனையோ தடவை வைத்துப் பார்த்தாள். ஒருமுறைகூடப் பதில் வரவில்லை.

சிவகரன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். ஜெயந்தனுக்கு ஒரு முறை சாம்பல் அள்ளிக் கொடுக்கும் கடன் பாக்கி.