ஒரே பையில் கட்டிய சேர்வர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் நில அளவையாளர் அலுவலகம். அளவையாளரான எங்கள் சேர் காணிகளை அளப்பார், நான் கணினியில் வரைபடம் கீறுவேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். கணினி டிப்ளோமா ஒன்று முடித்திருந்தபடியால் அலுவலகச் சேர்வரும் என் பொறுப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரும்பு அலுமாரிக்குள் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி. காற்றுப் போகவும் வயர் போகவும் அலுமாரியின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டிருந்தோம். கீறிய வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான். அலுமாரிப் பூட்டின் திறப்பு சேரின் இடுப்பில். கடற்காற்றுக்குப் பூட்டுத் துருப்பிடிக்கும் என்று மாதம் ஒருமுறை தன் கையாலேயே எண்ணெய் விடுவார்.

வரைபடங்களை இணையத்தில் வைக்கும் கிளவுட்டுக்கு மாறுவோம் என்று இரண்டு வருடமாக அவரை அரித்தேன். அவர் அசையவில்லை.

"சனத்தின்ர காணி விபரத்தை ஆரோ ஒருத்தன்ர காணியில கொண்டுபோய் வைக்கச் சொல்லுறீங்களோ பிள்ளை? ஒருநாள் அவன் கேற்றைப் பூட்டினா நாங்க எங்க போறது?"

மழை இருட்டினாலே எங்கள் இணைய இணைப்பு படுத்துவிடும். அதையும் அவர் சொல்லிக்காட்டுவார்.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது காணி உறுதி, அடையாள அட்டை, தொழில் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர். அந்தப் பை தப்பியதால்தான் நகரத்தில் தொழிலைத் திரும்பத் தொடங்கினார். எங்கள் வீட்டிலும், கடல் ஊருக்குள் வந்த வருடத்திலிருந்து, அப்படி ஒரு பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்தக் கரையில் அநேகமான வீடுகளில் தொங்கும். முக்கியமானதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே இழுவையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத பழக்கம்.

ஆகவே டிப்ளோமாக்காரி நான் என்ன செய்தேன்? பெக்கப் டிஸ்க்கைச் சேர்வரோடு சேர்த்து நாடாவால் கட்டி, அதே அலுமாரிக்குள் வைத்தேன். வயரைக்கூடக் கழற்றவில்லை. கடவுச்சொற்கள் எழுதிய கொப்பி அதற்கு மேல். பிரதியை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்று வகுப்பில் படித்ததுதான். அந்தப் பாடத்தை எழுதியவர் ஒருநாளும் ஓடியிருக்க மாட்டார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாரி மழை பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை, அளவை விண்ணப்பம் என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பைத் திறந்தேன். அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் வரைபடங்களின் பெயரெல்லாம் கண்டபடி மாறின. பிறகு திரையில் ஓர் அறிவித்தல்: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், காசு அனுப்பினால் திறப்போம். டிஸ்க்கைப் பார்த்தேன். வயர் கழற்றாத டிஸ்க், அதுவும் பூட்டுப்பட்டிருந்தது. அலுமாரிப் பூட்டு மட்டும் எண்ணெய் மினுக்கத்தோடு அப்படியே தொங்கியது.

பழைய வரைபடங்களுக்குக் கடதாசிப் பிரதிகள் இருந்தன. சம்பூரில் தன் காணியை அளக்கக் கொடுத்திருந்த ஓர் அக்காவின் வரைபடத்துக்கு மட்டும் இல்லை. சேர் பார்த்துச் சரி சொல்லியிருந்தார், ஆனால் பெரிய பிரிண்டருக்கு மை வரும்வரை காத்திருந்தோம். அளவுகளைச் சேர்வருக்கு ஏற்றிவிட்டு, அளக்கும் கருவியிலிருந்து நானே அழித்திருந்தேன். புதன்கிழமை பிரதேச செயலகத்தில் அவவின் காணி விசாரணை. காணிப் பத்திரம் தொலைந்துபோனவ. ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போன விசாரணை. திரும்ப அளக்கலாம் என்றால் காணி முழங்கால் தண்ணீரில் கிடந்தது.

பத்து மணிபோல் அக்கா குடையை உதறிக்கொண்டு படியேறி வந்தா. சேர் வாய் திறக்குமுன் நானே சொன்னேன்.

"அக்கா, உங்கட பிளான் போயிட்டுது. பிழை என்ர."

அவ கதிரையில் இருந்தா. குடையைச் சுருட்டிக் காலடியில் வைத்தா.

"கிணறு சரியான இடத்தில இருக்கோ எண்டு பாக்க எனக்கு அனுப்பினீங்களே, அந்தப் பிளானோ?"

எனக்கு உயிர் வந்தது. "ஓம் அக்கா, அதேதான். என்ர போனில இடமில்லையெண்டு நான் அழிச்சிட்டன், உங்கட போனைத் தாங்கோ."

"அந்த போன் போன கிழமை தண்ணிக்க விழுந்து செத்துப்போச்சு."

வந்த உயிர் திரும்பிப் போனது. அவ அவசரப்படாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"ஆனா வந்த கையோட சல்லி ஊரில இருக்கிற தங்கச்சிக்கும் மட்டக்களப்பில படிக்கிற மகளுக்கும் அனுப்பினனான். உங்கட போனைத் தாங்கோ, தங்கச்சிட்டக் கேப்பம்."

பத்து நிமிடத்தில் சல்லியிலிருந்து வரைபடம் வந்து சேர்ந்தது. கிணறு, வேலி, மூன்று பனை, எல்லாம் கீறியபடியே. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சேர் கேட்டார், "ரெண்டு பேருக்கு ஏன் அனுப்பினீங்க?"

"நானும் எல்லாத்தையும் ஒரு பையிலதான் வச்சிருந்தனான் சேர். இடம்பெயர்ந்து வெருகல் ஆத்தைக் கடக்கேக்க அது தண்ணிக்க விழுந்திட்டுது."

தன் பை தப்பிய சேர், அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் மை வந்தது. அச்சிட்டு, கையொப்பம் வைத்து அக்காவிடம் கொடுத்தார்.

யாருக்கும் காசு அனுப்பவில்லை. கடதாசிகளைத் திரும்ப ஏற்றவே மாதக்கணக்கானது. இப்போது வரைபடங்கள் கிளவுட்டில் இருக்கின்றன. கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கமும் கொடுத்தால்தான் திறக்கும். அந்த இலக்கம் வரும்போதெல்லாம் சேர் புறுபுறுப்பார். இணைப்பு விழும் நாட்களுக்கு அலுமாரிப் பெட்டி. வெள்ளிக்கிழமைகளில் ஒரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, வயரைக் கழற்றிக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோவேன். வேறொருவர் காணியை முழுதாக நம்பாத சேரும், எங்கள் பெட்டியை இனி முழுதாக நம்பாத நானும் இப்படித்தான் சமாதானமானோம்.

பங்குனியில் அக்கா திரும்ப வந்தா. கையில் காணிக்கான அனுமதிப்பத்திரம்.

"இதிலயும் ஒரு கொப்பி வச்சிருங்கோ பிள்ளை. சேரின்ர அலுமாரிக்கயும் வையுங்கோ, உங்கட கிளவுட்டிலயும் வையுங்கோ."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும், கதவுக்குப் பின்னால் தொங்கிய பையைக் கழற்றி இறக்கினேன். குசினியிலிருந்து எட்டிப்பார்த்த உம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"என்ன மகள்? எங்க போறம்?"

"எங்கயும் போகல்ல உம்மா" என்றேன். "உள்ளுக்கிருக்கிறதைப் போனில படம் எடுத்துப்போட்டுத் திருப்பி வைக்கத்தான்."