எனக்கு மட்டும் கேட்ட செய்தி

நேற்று மகனை ஏழு தரம் கூப்பிட்டேன். பதிலில்லை. பதறியடித்துக் கதவைத் தள்ளினால், காதில் ஹெட்போனுடன் கதிரையில் உட்கார்ந்தபடி ஆடிக்கொண்டிருக்கிறான்.

"என்னம்மா, வீடு பத்துதோ? ஸ்பீக்கரில எல்லாம் கலங்கிப்போகும். இதில வயலின் வேற, தபேலா வேற கேக்கும்."

கதவைத் திரும்பச் சாத்திவிட்டு வந்தேன்.

அவன் சொன்னது எனக்குத் தெரியாததா? எழுபதுகளின் கடைசியில், துறைமுகக் கந்தோரில் நான் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணன் குவைத்திலிருந்து ஒரு ரேடியோ கசெட் பெட்டி கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், கூடவே ஹெட்போன். ஸ்பீக்கரில் பாட்டோடு குசினியில் மீன் பொரியும் சத்தமும் சேர்ந்து வரும். ஹெட்போனிலோ பாடுபவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. பஞ்சு உறைக்குள் காது வியர்த்தாலும் கழற்ற மாட்டேன். "மகாராணி முடி சூடியிட்டா" என்பார் அண்ணன்.

தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால், எனக்கு அக்காபோல இருந்த ஹலீமா ராத்தா வீடு. அங்கே ரேடியோ இல்லை. பின்னேரச் செய்தியின் முடிவில் வரும் கடல் நிலையை எங்கள் ஸ்பீக்கரில் கேட்டுத்தான் அவர் புருஷன் காசிம் நானா தோணி தள்ளுவார்.

ஒரு கார்த்திகைப் பின்னேரம் ஹெட்போனில் செய்தி கேட்டேன். கடல் கொந்தளிக்கும், மீனவர்கள் போக வேண்டாம் என்றார்கள். என்ன தெளிவு! வாசிப்பவர் தாள் புரட்டும் சரசரப்பைக்கூட ரசித்தேன். ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் வாயடைத்துப்போகும் என்று தெரியும். தெரிந்தும், நான் கேட்டதை எங்கள் தெரு ஒழுங்கை முழுதுமே கேட்டிருக்கும் என்ற நினைப்பு. பழக்கம்.

விளக்கு வைக்கும் நேரம் காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. ராத்தா வேலியடிக்கு ஓடிவந்தார்.

"தங்கச்சி, பெட்டி பழுதோ? ஒண்டும் சொல்லயில்லயே எண்டு மனுசன் போயிட்டார்."

"சொன்னது, ராத்தா. எனக்கு மட்டும் சொன்னது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சமாவது உறங்கியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் காசிம் நானா வந்தார். தோணியுமில்லை, வலையுமில்லை. வடக்கே குச்சவெளியில் கரையேறி பஸ்ஸில் வந்தாராம். என்னைக் கண்டதும், "அப்பிடி என்ன பாட்டு போச்சு, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். பாட்டுக்கூட இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த கிழமை ராத்தாவின் தம்பி அவர்களுக்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கிவந்தார். ஒரே செய்தியை இரண்டு பெட்டிகள் சொல்ல, நான் எங்களுடையதைக் குறைத்தேன். பிறகு அவர்கள் கிண்ணியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். வேலி மதிலாகிவிட்டது. அந்த வீட்டிலிருந்து இப்போது யார் கடலுக்குப் போகிறார், யாராவது போகிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.