முழங்கால் செல்களும் இட்லி மாவும்

புனே பக்கம் நிக்டியில் குடியிருக்கும் பொள்ளாச்சிக்காரி சந்திரிகாவுக்கு ஊரார் முழங்கால்தான் பதினொரு வருடப் பிழைப்பு. மூட்டு மாற்று அறுவையில் கழித்துப்போடும் குருத்தெலும்புத் துணுக்குகள், நோயாளியின் சம்மதக் கையெழுத்தோடு, பிம்ப்ரியில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும். அவற்றைப் பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்து, குடுவையில் இட்டு, முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் இன்குபேட்டருக்குள் வைத்து வளர்ப்பாள். மூட்டு நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவை போகும். அவள் குடுவையில் ஒருநாளும் கிருமி அண்டியதில்லை. அந்தத் தலைக்கனம் அவளுக்கு நிறையவே உண்டு. கை கழுவாமல் வருகிறவர் யாரானாலும் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவளைக் கவிழ்த்தது புனேயின் டிசம்பர் குளிர்.

"ஏனுங்க, மாவு ரெண்டு நாளா அப்படியே கெடக்குது. பொங்கவே மாட்டேங்குது."

"அப்ப இன்னைக்கும் உப்புமாவா?" என்று கணவன் கோகுல்நாத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆய்வுக்கூடத்தில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பழைய இன்குபேட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதிலும் அதே முப்பத்தேழு டிகிரி. பிறகென்ன, தூக்குப்போசியில் மாவு பஸ் ஏறியது. காலையில் வைத்தால் மாலையில் பொங்கியிருக்கும். மறுநாள் மல்லிகைப்பூ இட்லி. மேலதிகாரி சுஷ்மா மேடமும், மாவு பொங்கிய இடம் தெரியாமல், தினம் ஆறு சாப்பிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாவு வழிந்துவிட்டது. அவள் துடைத்து முடிக்கவும், செல்கள் வளரும் புது இன்குபேட்டர் பழுதாகவும் சரியாக இருந்தது. குடுவைகளைப் பழையதற்கு மாற்றச் சொன்னார் சுஷ்மா. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சந்திரிகா ஸ்பிரிட் விட்டு மூன்று தரம் துடைத்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உள்ளே வைத்தாள்.

திங்களன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்களுக்கு நடுவே முத்து முத்தாக ஈஸ்ட். ஒரு மாத உழைப்பு பாழ்.

"அரே, இது அந்தக் கந்தசாமி வேலைதான். வடாபாவ் தின்ன கையோட உள்ள வந்திருப்பான். இன்னையோட அனுப்பிடு," என்று இந்தியில் பொரிந்தார் சுஷ்மா.

தரை துடைக்கும் கந்தசாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "அம்மணி, நான் சோப்புப் போட்டுத்தானுங்க கழுவுனேன்," என்றார்.

சும்மா இருந்தால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் வெட்கத்தில் உடம்பே கூசியது.

"மேடம், அவர் இல்லை. என்னோட இட்லி மாவு," என்றாள்.

சுஷ்மா அவளைக் கதவருகே அழைத்துப்போய், அங்கே ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "படி," என்றார். உணவுப் பொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும், சந்திரிகாவின் சொந்தக் கையெழுத்து. மூன்றையும் படித்தாள்.

"அப்போ நான் சாப்பிட்ட இட்லி எல்லாம்..."

"அதே மெஷின்தான் மேடம்."

சுஷ்மா வயிற்றைத் தடவிக்கொண்டார்.

உறைய வைத்திருந்த மிச்ச செல்களை எடுத்து, ஞாயிறும் வந்து, முதலிலிருந்து வளர்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. வீட்டில் மாதம் முழுக்க உப்புமா. கந்தசாமி மட்டும் தினமும் வாசலை மறித்து நின்று, "அம்மணி, கை கழுவியாச்சுங்களா?" என்று கேட்டு, அவள் நீட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்.