பதினோராம் வளைவில் காது அடைத்தது

போடியிலிருந்து மலையுச்சி மெட்டுக்கு ஏறும் பஸ்ஸில் மகளுக்குக் காது அடைத்துவிடுமோ என்று முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவளைக் கொட்டாவி விடச் சொல்வேன். அவள் விடமாட்டாள், நான்தான் விட்டுக்கொண்டு வருவேன். அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்குத்தான் பதினோராம் வளைவில், தவறாமல், இரண்டு காதும் அடைக்கும். ஒன்பது வயதிலிருந்தே அந்த இடம்தான்.

அந்த வருடம் சித்தப்பா போடியில் எங்களோடு இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. மலைமேல் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை. காலையில் ஏறி மாலையில் இறங்குவார். ஜீப்பில் நெருக்கியடித்துப் போகப் பிடிக்காமல் பழைய பைக் ஒன்று வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? அதன் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறுமும் குட்டைக் குழாயை மாட்டினார். ஏர் ஃபில்டர் டப்பாவையும் தூக்கிவிட்டுத் திறந்த ஃபில்டர் வைத்தார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்று மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டையும் பெரிய துளையுள்ளதாக மாற்றிக் கொடுத்தார்.

போடிக்குள் வண்டி பறந்தது. மலையில் பாதி ஏறியதும் இருமியது. விட்டு விட்டு இழுக்கும், டப்பென்று வெடிக்கும், நின்றுவிடும். பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், டேங்கைக் கழுவினார்கள். கீழே மெக்கானிக்கிடம் கொண்டுவந்தால் ஒரு குறை சொல்ல முடியாமல் ஓடும்.

“வண்டில ஒண்ணுமில்ல மாப்ளே. ஒனக்குத்தான் ஏத்தத்துல கியர் போடத் தெரியல” என்று அவர் சிரித்தார்.

சித்தப்பா வேலைக்குத் தாமதமாகப் போவது வழக்கமாகிவிட, ஸ்டோரில் எச்சரித்தார்கள். அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. போடியிலேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை வைத்திருந்தார்; தம்பி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“ஞாயித்துக்கெழம மெட்டு வரைக்கும் நிக்காம ஏறிக் காட்டு. நின்னுச்சுன்னா வண்டிய வித்துப்புட்டு, மலைச் சோலிய விட்டுப்புட்டு, எங்கூட வந்து ஏலக்கா பொடைக்கணும்.”

“ஏறிட்டா?”

“ஏறிட்டா ஒம் பாடு.”

சாட்சி நான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று வீட்டில் பெயர். உண்மையில் பொய் சொல்லப் பயம்.

சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு ஏறினோம். வளைவுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். வண்டி நின்ற இடத்தில் ரஃப் நோட்டை எடுத்து எழுதினேன்: பத்து, நன்றாக ஓடியது. பதினொன்று, காது அடைத்தது, வண்டி இருமியது. பன்னிரண்டு, வெடித்தது. பதின்மூன்று, நின்றுவிட்டது. காது அடைத்ததெல்லாம் வண்டிக் கணக்கில் வருமா என்று சந்தேகப்பட்டு அதை அடித்தேன். அடித்தால் மறைத்ததாகிவிடுமோ என்று மறுபடியும் எழுதினேன்.

கீழே இறங்கியதும் மெக்கானிக் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“காத எதுக்குப் பாப்பா எழுதுன?”

“அடைச்சுச்சு. அதான்.”

மறுபடியும் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட, நான் ஒரு கூறுகெட்டவன். மாப்ளே, மேல காத்து மெல்லிசு. இங்க உள்ள காத்துக்கு அளந்து வச்ச பெட்ரோல அங்க போயும் குடிச்சா, அதுக்கு மூச்சு முட்டாதா?”

சின்ன ஜெட்டைக் கையில் எடுத்தவர் உடனே மாட்டிவிடவில்லை.

“இத மாட்டுனா மேல நல்லா ஓடும். கீழ பெட்ரோல் பத்தாம வெடிக்கும், சூடேறும். இந்தக் குழாய வச்சுக்கிட்டு ரெண்டு எடத்துக்கும் தோதா வராது. எந்த எடத்துக்கு வேணும், ஒண்ணச் சொல்லு.”

“மேலதான் ஓடணும்” என்றார் சித்தப்பா. யோசிக்கவே இல்லை. நான் கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் வரைக்கும் டப் டப்பென்று வெடித்துக்கொண்டே போனோம். ஏற ஏற வெடிப்பு அடங்கியது. பதினொன்றில் என் காது அடைத்தது, வண்டி இருமவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வளைவிலும் அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தேன். மெட்டில் வண்டியை நிறுத்தி, “அப்பாட்ட என்ன சொல்லுவ ஆத்தா?” என்று கேட்டார்.

“நிக்கவே இல்லன்னு.”

அதையேதான் சொன்னேன். அப்பா நோட்டைக் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கிவந்து சித்தப்பாவின் காலடியில் வைத்தார். சாக்குக்குள் சித்தப்பா கழற்றி எறிந்த பழைய சைலன்சரும் ஃபில்டர் டப்பாவும் இருந்தன. துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருந்தது.

“இத மாட்டிக்க. ஜெட்டையும் பழையபடி போடச் சொல்லு. மேலயும் போகும், கீழயும் வரும்.”

சித்தப்பா குனிந்து சைலன்சரைத் தொட்டார். அவர் சம்மதித்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

“அய்யோ, அது வேணாம்ப்பா! சத்தமே வராது” என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்து சிரித்தார். “பிள்ளையே சொல்லுது. இருக்கட்டும்ண்ணே.”

அந்த மாதமே எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டார். வண்டி அங்கே அருமையாக ஓடியதாம். கல்யாணம், கருமாதி என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் இறங்கிவருவார். வந்த ஜீப்பிலேயே ஏறிவிடுவார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சைலன்சரை எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று இன்றைக்கும் நினைப்பேன். இல்லை, எப்படியும் போயிருப்பார் என்றும் நினைப்பேன்.

அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அப்பா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி மறுபடியும் பரணில் ஏற்றினார். பந்தயத்தில் தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டு, ஏணி ஆடாமலிருக்க இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.