ஆளுக்கொரு அறை

முன்பு பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக டயாலிசிஸ். அவரும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தால் சண்டைதான் என்பதால், ஆன்லைன் ஆலோசகர் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு போனில் பேசச் சொல்லியிருந்தார்.

"அவ சமையலறையில இருக்கா மேடம். கையில கரண்டி இருக்கும், பார்த்துப் பேசுங்க," என்றார் அவர்.

"ஊசியப் பார்த்தாலே இவரு வீரம் ஓடிடும் மேடம்!" என்றாள் மனைவி.

"உங்களுக்கு இப்ப என்ன சார் வேணும்?" என்று ஆலோசகர் கேட்டார்.

"நாளையிலேர்ந்து டயாலிசிஸ நிறுத்திடலாம்னு இருக்கேன். பாவம், அவ சரியா தூங்கியே ரெண்டு வருஷமாச்சு."

அது அவளுக்குச் சுவர் வழியே முதலில் கேட்டது. ஒரு நொடி கழித்துப் போனிலும் கேட்டது. நிறுத்தினால் அவர் உயிரோடு இருப்பது சில நாள்தான் என்று அவளுக்குத் தெரியும். போனை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என் தூக்கத்த நான் பார்த்துக்கறேன். காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்."

அவர் சரியென்று தலையசைக்கவில்லை.