எல்லைக்கு அப்பால் ஒரு வாடகை அறை

ஓய்வு பெற்றதும் நேபாளத்துக்குக் குடிபோகிறேன் என்று சொன்னபோது என் தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

ஜவ்வாது மலையில் முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன வாடகை வீடு. தம்பி குடும்பம் அடிவாரத்தில், ஆலங்காயத்தில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவன் வீட்டுப் பின்னறையில் இருந்தபடி அவனுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

"இன்னாக்கா பேசற நீ? அறுவது வயசுல வெளிநாடா? துட்டு இருக்கறவன் பண்ற வேலை அது."

"என் பென்ஷன்ல அங்க தாராளமா இருக்கலாம். விசாவும் வேணாம். வாக்காளர் அட்டையக் காட்டிட்டு நடந்தே போய்டலாம்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"முப்பது வருஷமா சொல்லிக்கினுதான் இருக்குது. இனிமே கொஞ்சம் சத்தமா சொல்லட்டும். அவ்ளோ தூரம் கேக்கணும்ல."

இது திடீரென்று வந்த ஆசை இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு யாத்திரைக் குழுவோடு நேபாளத்து முக்திநாத் கோவிலுக்குக் கிளம்பினேன். வழியில் போக்ராவில் வயிற்றுப்போக்கில் விழுந்தேன். என்னை விடுதியில் விட்டுவிட்டுக் குழு மேலே போனது. கீழே டீக்கடை வைத்திருந்த பெண் நான்கு நாளும் கஞ்சி கொண்டுவந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டோம். என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டாள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவள் கடைக்கு மேலிருந்த அறையின் வாடகையை விசாரித்தேன். வேலூரில் அந்த வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

ஓய்வு பெறும் மாதம், ஏதோ ரேஷன் வேலை என்று சொல்லித் தம்பி என் வாக்காளர் அட்டையை வாங்கிப்போனான். அது திரும்பி வரவில்லை. போனில் கேட்டபோதெல்லாம் "தேடறேன்க்கா" என்றான். பஸ் பிடித்து ஆலங்காயம் இறங்கினேன்.

"எங்கியோ வெச்சிட்டேன்க்கா" என்றான்.

"சரி. காணலைன்னு எழுதிக் குடுத்து புதுசு வாங்கிக்கறேன். அது வர்ற வரைக்கும் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன்."

அவன் மனைவி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வந்து அட்டையை என் கையில் வைத்தாள். அவன் கத்தத் தொடங்கினான்.

"அவங்க சம்பாதிச்சது, அவங்க போறாங்க" என்றாள் அவனிடம். பிறகு என்னிடம், "போய்ட்டு வாங்கண்ணி."

கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ், எல்லையில் நடை. போக்ராவில் அந்த டீக்கடைக்கு மேலிருந்த அறைக்குக் குடிவந்துவிட்டேன்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். முதல் குளிர்காலத்தில் ஈரப் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தமிழில் வாய்விட்டு அழுதேன், புரிந்துகொள்ள ஆளில்லை. கட்டுப் பிரிக்கும் வரை டீக்கடைக்காரிதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். விஷயம் எப்படியோ தெரிந்து தம்பி போன் செய்தான்.

"இப்பவாச்சும் வூட்டுக்கு வந்துடு."

"கைதானே உடைஞ்சுது? கால் நல்லாத்தான் இருக்குது."

உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட, வருஷத்துக்கு ஒருமுறை ஓய்வூதிய நேர்காணலுக்கு ஊருக்கு வருகிறேன். இந்த முறையும் தம்பி வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அந்த போனுக்குப் பிறகு அவன் என்னோடு நேராகப் பேசுவதில்லை. "குழம்பு வேணுமான்னு கேளு" என்று மனைவியிடம் சொல்வான். நான் அவனிடமே நேராகப் பதில் சொல்வேன்.

நேற்று மதியம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்ணி கூட நானும் போறேன். ஒரு மாசம்."

எனக்கே அது புதுச் செய்தி.

"சோத்துக்கு நான் இன்னா பண்றது?" என்றான்.

"அரிசி டப்பாவுல இருக்குது. குக்கர் மேல் தட்டுல."

அவன் என்னைப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு நேராகப் பேசினான்: "எல்லாம் உன்னாலதான்."

"ஆமா" என்றேன். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு டிக்கெட்டுக்குப் பதிவு செய்தேன்.